நல்லசாமியின் பிரேக்பாஸ்ட்

மூங்கில்பால ரப்பர் தோட்டத்தில் காலைச் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு பெயர்தான். பசியாறல். விடியுமுன் பெரட்டு வரிசையில் நின்று பெயர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் போனால், மரம் சீவி முடித்தபின் மங்குக் கிண்ணங்களில் பால் வடிந்து நிறையும் வரை கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்கும். அப்போது சடக்கு என்கிற செம்மண் பாதையின் ஓரத்தில் கூட்டமாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். அதுதான் பசியாறுவது. அங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் 'சௌக்கியமா' என்று விசாரிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. 'பசியாறிட்டியா?' என்றுதான் கேட்பார்கள். சண்டை போட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு திரிந்த இரண்டு பேர் மறுபடி பேச ஆரம்பிப்பதும் இந்தக் கேள்வியில்தான்.

நல்லசாமிக்கு மட்டும் அது பிரேக்பாஸ்ட். பசியாறல் பட்டிக்காட்டுச் சொல் என்பான்.

நல்லசாமி தோட்டத்துப் பால் லோரியின் டிரைவர். தோட்டத்தில் லோரி ஒன்று, டிரைவரும் ஒருவன். அந்தப் பெருமை அவன் நடையிலேயே தெரியும். துரையின் கார் டிரைவர் காய்ச்சலில் படுத்தால் பங்களாவுக்கும் இவனைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே வாசலில் காத்துக் கிடக்கும்போது காதில் விழுந்த இங்கிலீஷ் சொற்களையெல்லாம் வரிசை வீட்டு லயத்துக்குக் கொண்டுவந்து மனைவி மயிலம்மாளிடம் கொட்டுவான். அவற்றில் அவன் உயிரையே வைத்திருந்தது பிரேக்பாஸ்ட் மேல்தான். ஏனென்றால் அந்தச் சொல் தன் தொழிலில் பிறந்தது என்று அவன் மனதார நம்பினான்.

"பிரேக்னா என்னா? லோரியில போடற பிரேக்குதான். பாஸ்ட்னா வேகம். வெள்ளக்காரன் பசி தாங்கமாட்டான் மயிலு. வண்டியில எங்க பறந்துகிட்டிருந்தாலும் சாப்பாட்டு மேசையக் கண்டா டக்குன்னு பிரேக் போட்ருவான். அதான் பிரேக்பாஸ்ட்."

சொன்னதோடு விட்டிருந்தால் தோட்டம் நிம்மதியாக இருந்திருக்கும். இவன் செய்தும் காட்டுவான். எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறந்து முதல் கவளம் எடுக்கும் நேரம் பார்த்து, சடக்கு வளையும் முடக்கில் லோரி தலைகாட்டும். மயிலம்மாள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேராக வந்ததும் ஒரே மிதி. டயர் கிறீச்சிடும். செம்மண் தூசி எழும்பி அத்தனை பேர் சட்டியிலும் ஒரு கை அளவு விழும். நல்லசாமி ஜன்னல் வழியே தலையை நீட்டி, "பிரேக்பாஸ்ட்!" என்று கூவுவான்.

"அடப் பாவி, சோத்துல மண்ணள்ளிப் போட்டியேடா!" என்று மங்கம்மா எழுந்து நின்று கத்துவாள். மங்கம்மா பக்கத்து வீட்டுக்காரி. அவள் வாய்க்கு, வேலை வாங்கும் மண்டோரே பயப்படுவார். நல்லசாமி பயப்பட மாட்டான். இறங்கி வந்து மயிலம்மாள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தூசி விழுந்த சோற்றை மேலாக ஒதுக்கிவிட்டு ரசித்துச் சாப்பிடுவான். மயிலம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனாலும் மரம் சீவிக்கொண்டிருக்கும்போதே அவள் காது அந்தக் கிறீச் சத்தத்துக்காகத்தான் காத்திருக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் அந்தத் தூசி கந்தையா கிராணியின் வெள்ளைக் கால்சட்டையில் விழுந்தது. கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். ஆபீசில் கணக்கெழுதி முடித்தால் சொற்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. சிலர் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதைப் போல. அதனால் கால்சட்டை பாழானதைக் காட்டிலும் நல்லசாமி சொன்ன விளக்கம்தான் அவரை அதிகமாக உறுத்தியது.

"ஐசே நல்லசாமி, இது லோரி பிரேக்கில்லை. இது முறிக்கிற பிரேக். பாஸ்ட் எண்டால் இந்த இடத்திலே விரதம். ராச்சாப்பாட்டுக்குப் பிறகு விடியும் மட்டும் வயிறு வெறுமையாய்க் கிடக்குதல்லோ? அதை ஒரு விரதம் எண்டு கணக்கு வைச்சு, காலமை அதை முறிக்கிறாங்கள். முந்தி ரெண்டு சொல்லாய்த்தான் சொன்னவங்கள். நாள் போகப் போக ரெண்டும் ஒட்டி, பிரேக் எண்ட சத்தம் பிரெக் எண்டு குறுகிப்போச்சு. அதனாலே உள்ளே கிடக்கிற விரதம் இப்ப ஒருத்தர் கண்ணுக்கும் தெரியிறேல்லை."

"ராத்திரி தூங்குறது விரதமாங்க?" என்று நல்லசாமி வாய்விட்டுச் சிரித்தான். "கொறட்ட விட்டுக்கிட்டா விரதம் இருப்பாங்க? நீங்க கிராணி வேலையப் பாருங்கய்யா. வண்டி விஷயம் எனக்குத் தெரியும்."

மயிலம்மாள் அதுவரை குனிந்தபடிதான் இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "பசிய ஒடைப்பாங்களாங்க? சட்டிய ஒடைக்கிற மாதிரி? நாங்க ஆத்துவோம். புண்ணு ஆறுது, கோபம் ஆறுது, தேத்தண்ணி ஆறுது. அந்த மாதிரி பசியும் ஆறுது. ஒடச்சா வலிக்காதா?"

கந்தையா கால்சட்டையைத் தட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "அது நல்ல சொல்லுத்தான், பிள்ளை. எங்கட ஊரிலே இப்படிச் சொல்லுறேல்லை," என்றார். அன்றைக்குப் பேச்சு அத்தோடு முடிந்தது. மறுநாளும் லோரி கிறீச்சிட்டது, மறுநாளும் மங்கம்மா கத்தினாள். அந்த நாட்கள் இப்படியே போய்க்கொண்டிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகு யுத்தம் வந்தது, ஜப்பான்காரன் வந்தான். துரை ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் ஏறிப் போய்விட்டார். கொஞ்ச நாளில் லோரியும் போனது. ஜப்பான்காரன் அதன் பக்கவாட்டில் ஏதோ எழுதி ஓட்டிக்கொண்டு போனதை நல்லசாமி சடக்கோரத்தில் நின்று பார்த்தான். பால் வெட்டும் நின்றது. காட்டில் ஒரு பகுதியை அழித்து மரவள்ளி போடச் சொன்னார்கள். லயத்து அடுப்புகளில் சோற்று வாசம் போய்க் கிழங்கு வாசம் வந்தது. பிறகு அதுவும் ஒருவேளைக்கு மட்டும் என்று ஆனது.

அப்போதுதான் தோட்டத்தில் அந்தக் கேள்வி செத்துப்போனது. 'பசியாறிட்டியா' என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. பதில் என்னவென்று இருவருக்கும் தெரியும்போது கேட்பது கொடுமை. பாதையில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஆபீசில் கந்தையாவும் தன் இங்கிலீஷை வாய்க்குள் போட்டுப் பூட்டிவிட்டு, ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்த வணக்கத்தை முறித்து முறித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிழங்குக் கொல்லையில் களை பிடுங்கும்போது பெண்கள் பழைய காலைச் சாப்பாட்டைப் பேசித்தான் நேரத்தை ஓட்டினார்கள். சீனி போட்ட ரொட்டி, நேற்றைய கருவாட்டுக் குழம்பு, டின்பால் ஊற்றிய கெட்டித் தேநீர். "அந்தச் சோத்துல மண்ணு விழுந்துச்சுன்னு நான் எத்தன நாளு கத்தியிருக்கேன்," என்று மங்கம்மா ஒருநாள் சொன்னாள். "மண்ணு விழுந்தாலும் அது சோறுடி மயிலு." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். அவளும் அழுவாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். அங்கே ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதம் வேலை, நல்ல சம்பளம், சோறு உண்டு என்று மண்டோர் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனார். சோறு என்ற சொல்லுக்கே சிலர் பெயர் கொடுத்தார்கள். மற்றவர்களை ஜப்பான்காரன் பிடித்து ஏற்றினான். நல்லசாமி பெயர் கொடுக்கவில்லை. "லோரி ஓட்டறவன் மண்ணு வெட்டப் போவானா?" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டான்.

ஒருநாள் காலையில் அவனுடைய பழைய லோரியே ஆட்களை நிரப்பிக்கொண்டு லயத்து வாசலில் வந்து நின்றது. ஓட்டிவந்தவனுக்குக் குளிர்காய்ச்சல், ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துவிட்டான். ரெம்பாவ் ஸ்டேசன் வரை ஓட்ட ஆள் வேண்டும் என்று மண்டோர் ஓடி வந்தார். நல்லசாமி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எத்தனையோ நாளைக்குப் பிறகு தன் லோரி! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். மயிலம்மாள் அப்போதுதான் அவித்த கிழங்கை இறக்கி வைத்திருந்தாள்.

"ஒரு வாய் தின்னுட்டுப் போங்க."

ஒரு துண்டை எடுத்தான், சூடு தாங்காமல் சட்டியிலேயே போட்டுவிட்டு விரலை ஊதினான். "கொதிக்குது மயிலு. ஆறட்டும். ஆளுங்கள ரெம்பாவுல எறக்கிவிட்டுட்டு ஓடியாந்துர்றேன். வந்து பிரேக்பாஸ்ட்!" என்றான். போகும்போது ஹாரனை ரெண்டு தட்டுத் தட்டினான்.

சாயங்காலம், கூடப் போயிருந்த மண்டோர் மட்டும் திரும்பி வந்தார், நடந்து. ஸ்டேசனில் ரயில் பெட்டி முழுதாக நிறையவில்லை என்று டிரைவரையும் தள்ளி ஏற்றிவிட்டார்களாம். மண்டோர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மயிலம்மாள் எழுந்தாள். உள்ளே போய்ச் சட்டியைத் தொட்டுப் பார்த்தாள். கிழங்கு எப்போதோ ஆறிப்போயிருந்தது.

மறுநாளிலிருந்து அவள் காலையில் எதையும் வாயில் வைப்பதில்லை. பசியாற வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் வந்து பசியாறும் வரை தானும் பசியாறுவதில்லை என்று மாரியம்மன் கோயிலில் சொல்லி மஞ்சள் துணி முடிந்தாள். சூரியன் உச்சிக்கு வந்த பிறகுதான் சாப்பாடு.

"ஊரே பட்டினியில கெடக்குது. இதுல ஒனக்குத் தனியா ஒரு வெரதமாடி?" என்று மங்கம்மா திட்டினாள். திட்டிவிட்டு மதியத்துக்கு என்று ஒரு துண்டுக் கிழங்கை இலையில் சுற்றி அவள் அடுப்படியில் வைத்துவிட்டுப் போவாள். மயிலம்மாள் காலையில் தினமும் அந்தச் சடக்கு முடக்குக்குப் போய் நிற்பாள். யாரும் பக்கத்தில் இல்லையென்றால் உதட்டுக்குள்ளேயே 'பிரேக்பாஸ்ட்' என்று சொல்லிப் பார்ப்பாள். அந்தத் தோட்டத்தில் அந்தச் சொல் அப்போது அவள் ஒருத்தியின் வாயில்தான் உயிரோடு இருந்தது. அவனுக்கு வேடிக்கையாக இருந்த சொல் அவளுக்குள் கல்லாக இருந்தது. உள்ளே விரதம் இருக்கிறது என்று கிராணி சொன்னது மெய்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

ஜப்பான்காரன் போனான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பால் வெட்டு மெல்ல ஆரம்பித்தது, கூப்பனுக்கு அரிசி வந்தது. சயாமுக்குப் போனவர்களில் முதலில் திரும்பியவன் முனியாண்டி. போகும்போது காளை மாதிரி இருந்தவன், வந்தபோது அவன் அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. மயிலம்மாள் அவன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அவனே சொன்னான். "அண்ணன ஒரே ஒரு தடவ பாத்தேன்க்கா. கால்ல மூங்கி கிழிச்சு, சீழ் வச்சு, எலும்பு தெரிஞ்சுச்சு. நோயாளிக் கொட்டாயில தூக்கிப் போட்டிருந்தாங்க. அந்தக் கொட்டாய்க்குப் போனவங்க யாரும்..."

லயத்துப் பெண்கள் கூடிப் பேசினார்கள். கருமாதி செய்துவிடலாம் என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மயிலம்மாள் கண்ணெதிரே உருகிக்கொண்டிருந்தாள், அவளையாவது காப்பாற்ற வேண்டும் என்ற பயம் அவர்களுக்கு. மறுநாள் காலையில் மங்கம்மா ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியோடு வந்தாள். புது அரிசி. வாசம் வாசல் வரை வந்தது.

"குடிச்சிரு மயிலு. இனிமே யாருக்காக இருக்கப் போற?"

குடித்தால் அவன் செத்தான் என்று தன் வாயாலேயே ஒத்துக்கொண்டதாகும். மங்கம்மாவுக்கும் அது தெரியும். மயிலம்மாள் கஞ்சியைப் பார்த்தாள். பசி அவளைப் பிய்த்துத் தின்றது. "கொஞ்சம் இருங்கக்கா, வர்றேன்," என்று சொல்லிவிட்டு நேராக ஆபீசுக்கு நடந்தாள்.

கந்தையா ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் தலை வெளுத்துவிட்டது.

"ஐயா, பாஸ்ட்னா வெரதம்னு ஒருநாளு சொன்னீங்க. அத ஒடச்சிட்டா என்னாங்க ஆவும்?"

முனியாண்டி கொண்டுவந்த செய்தி அவருக்கும் தெரியும். ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. மனம் கலங்கினால் சொற்களுக்குள் போய் ஒளிந்துகொள்வதுதான் அவர் சுபாவம். அன்றைக்கும் அதையே செய்தார்.

"விரதம் எண்டது அந்தச் சொல்லுக்குப் பிறகு வந்த கருத்து, பிள்ளை. ஆதியிலே பாஸ்ட் எண்டால் இறுக்கம். விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது. கயிற்றை இறுக்கிக் கட்டுறதுக்கும் அதே சொல்லுத்தான். சாப்பாட்டை விலக்கி மனசை இறுக்கிப் பிடிக்கிறதாலே விரதத்துக்கும் அந்தப் பேர் வந்தது." பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்: "நல்லசாமி சொன்ன வேகமும் அந்த வேரிலே முளைச்சதுதான்."

"அப்ப அவரு சொன்னதும் சரியாங்க?"

கந்தையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணும் கலங்கிவிட்டது. "அரைவாசி சரி. பிரேக்கிலேதான் பிழை விட்டவன்."

மயிலம்மாள் அந்த ஒரு சொல்லை மட்டும் வாயில் போட்டு மென்றாள். இறுக்கம். விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பது. "சரிங்கய்யா," என்று திரும்பினாள்.

"பிள்ளை, நான் சொல்லுக்குத்தான் கருத்துச் சொன்னனான். சாப்பிடாதை எண்டு சொல்லேல்லை!" என்று கந்தையா பதறிப்போய்ப் பின்னாலேயே கூப்பிட்டார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து, காத்திருந்த மங்கம்மாவின் பக்கமே கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளினாள். "வேணாங்கக்கா. நான் இன்னும் விடல," என்றாள். மங்கம்மா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் போனது. மழை விட்ட ஒரு பருவம். காட்டில் பால் வெட்டு முழு வேகத்தில் நடந்தது. ஒருநாள் மரம் சீவி முடித்து எல்லோரும் பழையபடி சடக்கோரத்தில் உட்கார்ந்தார்கள். சட்டிகள் திறந்தன. மயிலம்மாள் மட்டும் மூடிய சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்காருவது எல்லோருக்கும் பழகிவிட்டது.

முடக்கில் ஒரு லோரி தலைகாட்டியது. பட்டாளத்து லோரி, பச்சை நிறம். நேரே வந்தது. மயிலம்மாளுக்கு எதிரில் வந்ததும் ஒரே மிதி. டயர் கிறீச்சிட்டது. செம்மண் தூசி எழும்பி அத்தனை பேர் சட்டியிலும் விழுந்தது.

"அடப் பாவி! எவன்டா அவன் சோத்துல மண்ணள்ளிப்..." மங்கம்மா பாதி எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஓட்டிவந்தவன் யாரோ ஒரு சீக்கியப் பட்டாளத்துக்காரன். அவனுக்கு மறுபக்கத்துக் கதவு திறந்தது. முதலில் ஒரு கட்டைக் கோல் வெளியே வந்து தரையைத் தொட்டது. பிறகு ஓர் இடது கால். பிறகு எலும்பும் தோலுமாக ஓர் ஆள். வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை, கால்சட்டையை மடித்து ஊசி குத்தியிருந்தது.

மயிலம்மாள் அந்த மடிப்பைத்தான் பார்த்தாள். பிரேக் மிதிக்கிற கால்.

நல்லசாமி கோலில் சாய்ந்து மூச்சு வாங்கினான். எல்லோரும் தன் காலையே பார்ப்பதைப் பார்த்துவிட்டுப் பழையபடி சிரிக்கப் பார்த்தான். "இந்த எடத்துல டக்குன்னு பிரேக் போடணும்னு இந்தப் பட்டாளத்துப் பாயிகிட்ட பெடாஸ் ஊர்லேர்ந்து கையக் கையக் காட்டிக்கிட்டு வந்தேன்," என்றான். "கிராணியய்யாகிட்ட சொல்லிருங்க. பிரேக் விஷயத்துல அவரு சொன்னதே இருக்கட்டும். எங்கிட்ட இனிமே பிரேக் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவன் முகத்திலும் அதற்கு மேல் சிரிப்பு தங்கவில்லை. கோலை ஊன்றி ஊன்றி மயிலம்மாள் அருகே வந்தான். அவள் எழுந்திருக்கவில்லை. அவள் ஒட்டிய கன்னத்தையும் மடியில் மூடியிருந்த சட்டியையும் அவன் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. வாழ்நாளில் அந்தத் தோட்டத்துச் சொல்லை ஒருநாளும் வாயால் சொல்லாதவன், பட்டிக்காட்டுச் சொல் என்று கேலி செய்தவன், இப்போது கேட்டான்.

"பசியாறிட்டியா மயிலு?"

எத்தனையோ காலமாக, அரிசி வந்த பிறகும்கூட, அந்தத் தோட்டத்தில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி. மங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மயிலம்மாள் தலையைக் குனிந்து, இறுகியிருந்த சட்டி மூடியைப் பிடித்து இழுத்தாள். ஒருவழியாகத் திறந்தது.

"ஆறட்டும்னு சொல்லிட்டுப் போனீங்களே," என்றாள். "ஆறிடுச்சுங்க. வாங்க, உக்காருங்க."

கோலைப் பக்கத்தில் போட்டுவிட்டு, ஒரு காலை மடக்கி அவன் உட்கார்ந்தான். லோரி கிளப்பிய தூசி இன்னும் அடங்கவில்லை. திறந்த சட்டியில் அது மெதுவாகப் படிந்தது. இரண்டு பேரும் மேலாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்கள்.